பேய்களுக்கு ஓர் அரசாணை

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூ ஜெர்சியில் கரையேறியது. பக்கத்து மன்ஹாட்டனில், 14ஆம் தெருத் துணைமின் நிலையம் பன்னிரண்டரை அடி வெள்ளத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டிருந்தது. கடலுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை போலும்; பதினான்கு அடிக்கு வந்தது. ஒரே வெடிப்பு, தீவின் தென்பகுதி இருட்டு. மணல் மூட்டையும் ஜெனரேட்டரும் தயாராக வைத்திருந்த கோல்ட்மேன் சாக்ஸ் வங்கிக் கட்டடம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. மற்றவர்கள் செல்போனையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு, கரண்ட் இருந்த வடக்குத் தெருக்களுக்கு நடந்தார்கள்.

நியூ ஜெர்சியில் இருள் இன்னும் பரவலானது. ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி ஓர் ஆணை பிறப்பித்தார்: பேய் வேடமிட்டுக் கொண்டாடும் அக்டோபர் 31 ஹாலோவீன், நவம்பர் 5க்கு ஒத்திவைக்கப்படுகிறது! மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் லட்சக்கணக்கான வீடுகள் காத்திருந்த மாநிலத்தில், பேய் எப்போது வரலாம் என்பதற்கு மட்டும் தேதி கிடைத்துவிட்டது. (பேய்கள் வழக்குத் தொடுத்ததாகத் தகவல் இல்லை.)

அடுத்து பெட்ரோல் பஞ்சம். 12 மாவட்டங்களில் ஒற்றைப்படை நம்பர் வண்டிக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள். துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரிகளுக்கு மட்டும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை.