மாட் முடியாமையும் ஒழுங்குப் பித்தும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கணினி விளையாட்டை வாங்கி விளையாடுவோர் ஒரு வகையினர். வாங்கி, அதன் கோப்புகளைப் பிரித்துப் போட்டு, தமக்கு வேண்டிய ஊரையோ ஆளையோ வாளையோ உள்ளே செருகுவோர் மற்றொரு வகையினர். பின்னவர் செய்வது மாட், செய்பவர் மாடர். 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் விளையாட்டில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் இயக்கும் நிரலைத் தனியாகவும், வரைபடம், படம், ஒலி ஆகியவற்றை வாட் என்னும் கோப்பில் தனியாகவும் வைத்தது. வாட் கோப்பில் கைவைக்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை என்பதால் மாட் செய்யும் கலை பெருகியது. மாட் ஒன்றைத் தொடங்கி முடிக்காமல் விடும் கலையும் அந்த வாரமே பிறந்திருக்க வேண்டும் என்பது இவ்வாசிரியர் துணிபு.

வெளிவந்த மாட்களைப் பற்றிப் பேச அவற்றைச் செய்தவர்களே இருக்கிறார்கள். வெளிவராதவற்றுக்கு நாதியில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக் களமாகக் கொண்டது, பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட ஸ்கைரிம். மறு ஆண்டு பிப்ரவரியில் கிரியேஷன் கிட் என்னும் கருவியையும் அந்நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. தான் உலகம் படைத்த அதே வகைக் கருவியை, கேட்டவர் கையிலெல்லாம் கொடுத்துவிட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. விளைவுகளை இனிக் காண்க.

இவ்வாய்வில் புள்ளிவிவரம் இடம்பெறவில்லை. எந்த மாடரைக் கேட்டாலும் “தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சிருச்சு” என்றே சொல்வாராதலால், சராசரி எடுப்பதில் பயனில்லை.

2. முன்னோர் மொழிந்தவை

இத்துறையின் மூலவர், சிங்கப்பூரில் அன்றிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த சி. நார்த்கோட் பார்க்கின்சன். கையில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு வேலை நீளும் என்பது 1955இல் தி எகனாமிஸ்ட் இதழில் அவர் நிறுவிய விதி. அவர் கண்டது அரசு அலுவலகங்களை. அங்கே வேலை எவ்வளவு நீண்டாலும் ஓய்வு பெறும் வயது என்று ஒன்று குறுக்கே வந்து நிற்கும். மாடருக்கு அதுவும் இல்லை. கெடு இல்லை, மேலதிகாரி இல்லை, சம்பளம் இல்லை, பிடித்தம் செய்யச் சம்பளமும் இல்லை. பார்க்கின்சன் விதி தங்குதடையின்றிப் பாயும் ஒரே நிலம் இதுவே.

பார்க்கின்சன் காட்டிய இன்னொரு காட்சியும் ஈண்டுக் கருதத்தக்கது. ஒரு குழு கூடுகிறது. ஒரு கோடி பவுண்டு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது. 350 பவுண்டு சைக்கிள் கொட்டகையின் கூரை அலுமினியமா வேறொன்றா என்று முக்கால் மணி நேரம் வாதாடுகிறது. எல்லாருக்கும் புரிந்த சிறு பொருளில்தான் எல்லாரும் பேச முடியும் என்பது அதன் பொருள். மாட் உலகில் இக்குழுவுக்கு உறுப்பினர் பலர் வேண்டியதில்லை. மாடர் ஒருவரே குழுவாகக் கூடி, கதையின் முடிவை இரண்டரை நிமிடத்தில் தீர்மானித்துவிட்டு, லோகோவின் எழுத்துருவுக்கு விடிய விடிய உட்காருவதைக் காணலாம்.

3. ஒரு பெஞ்ச் போடுதல்: கள ஆய்வு

முடியாமை எவ்வாறு தோன்றுகிறது என்பதை ஒரே ஒரு பெஞ்சைக் கொண்டு விளக்குதும்.

ஸ்கைரிமில் ரிவர்வுட் என்றொரு சிற்றூர். அங்குள்ள சத்திரத்து வாசலில் ஒரு பெஞ்ச் இருந்தால் நன்றாயிருக்கும் என்று மாடருக்குத் தோன்றுகிறது. நியாயமான ஆசை. பட்டியலில் பெஞ்சைத் தேடி, இழுத்து, காட்சிச் சாளரத்தில் விட்டு, எஃப் விசையைத் தட்டினால் அது இறங்கித் தரையில் உட்கார்ந்துகொள்ளும். வேலை முடிந்தது. இந்த இடத்தில் எழுந்து போயிருந்தால் இக்கட்டுரைக்கே அவசியம் நேர்ந்திராது.

விளையாட்டைத் திறந்து பார்க்கிறார். ஊர்க்காரர் ஒருவர் நேராக வந்து பெஞ்சில் முட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறார். காரணம் நேவ்மெஷ். எங்கெங்கே நடக்கலாம் என்று பாத்திரங்களுக்குச் சொல்ல, தரை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத முக்கோண வலை ஒன்று விரித்திருப்பார்கள். பெஞ்ச் வந்த செய்தி அவ்வலைக்குத் தெரியாது. அவ்விடத்தை வலையிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். ஒழுங்காக வெட்டாமல் வலையையே அழித்துவிட்டால், அதே ஊரைத் தொடும் வேறொருவரின் மாட்டோடு சேரும்போது விளையாட்டே சுருண்டு விழும். அது நாளைக்கு ஆகட்டும் என்று விடுகிறார்.

வெறும் பெஞ்ச் எதற்கு, ஒரு பெரியவர் உட்காரட்டும். பெரியவர் எப்போதும் உட்கார்ந்தே இருக்க முடியுமா? இரவு உறங்க வேண்டும், அதற்கு அட்டவணை வேண்டும், கட்டில் வேண்டும், கட்டிலுக்கு வீடு வேண்டும். வீடு என்றால் உள்ளறை, அடுப்பு, அலமாரி, அலமாரிக்குள் பாலாடைக்கட்டி. அத்தனை வசதியோடு இருப்பவர் வாய் திறக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? ஒரு வரி பேச வைக்கிறார். குரல் கோப்பு இல்லாத வசனத்தை ஸ்கைரிம் திரையில் நிறுத்தி வைப்பதில்லை. எழுத்து மின்னி மறைந்துவிடும். ஆகவே குரல் பதிவு. மைக்கில் விசிறிச் சத்தம் விழுகிறது, விசிறி நிற்கிறது, கதவு சாத்தப்படுகிறது. அடுப்படியிலிருந்து ஒரு குரல்:

“டேய், இந்தப் புழுக்கத்துல ஃபேன ஏன்டா நிறுத்தி வச்சிருக்க? உள்ள யாரு பேசுறது?”

“ஒரு பெரியவரும்மா. பெஞ்சுல உக்காந்திருக்காரு. ரெண்டு நிமிஷம் குக்கர ஆஃப் பண்ணு.”

“யாரு, உங்க பெரியப்பாவா? வந்தவரு ஒரு வாய் காப்பி குடிக்காமயா உக்காந்திருக்காரு?”

பெரியவருக்குக் குரல் வந்தபின் துயரமும் வந்தாக வேண்டும். மகள் காணாமற்போகிறாள். தேடுவதற்குக் குகை, குகையில் கொள்ளையர், கொள்ளையருக்குத் தலைவன், தலைவனுக்குச் சொந்தத் தீவு. தீவுக்குப் போகக் கப்பல். வாசலில் முட்டிக்கொண்டு நடக்கும் ஊர்க்காரர் மட்டும் இன்னும் நடந்துகொண்டேயிருக்கிறார்.

4. ஒழுங்கு வகைப்பாடு

தீவின் கடற்கரையை எட்டும்போது மாடருக்கு ஞானம் பிறக்கிறது. “முதல்ல எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திட்டு அப்புறம் வேலையைப் பார்ப்போம்.” மாட் உலகில் இதைவிட ஆபத்தான வாக்கியம் இல்லை. இதன்பின் மாடர்கள் நால்வகைப்படுவர்.

முதலாமவர் கோப்புறையர். இவரது கணினியில் ‘தீவு’, ‘தீவு_புதியது’, ‘தீவு_இறுதி’, ‘தீவு_இறுதி_சரி’, ‘தீவு_இறுதி_இதுதான்’ என்று ஐந்து கோப்புறைகள் இருக்கும். கடைசியாக வேலை செய்த கோப்பு ‘பழையது_அழிக்கலாம்’ என்னும் ஆறாவதில் இருக்கும்.

இரண்டாமவர் பலகையர். ட்ரெல்லோ செயலியில் ஒரு பலகை திறந்து, செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை என மூன்று பத்தி பிரித்து, ஒவ்வோர் அட்டைக்கும் வண்ணம் தீட்டுவார். ‘முடிந்தவை’ பத்தியில் ஒரே ஓர் அட்டை இருக்கும். அதில் “ட்ரெல்லோ பலகை தயார் செய்தல்” என்று எழுதியிருக்கும்.

மூன்றாமவர் கருவியர். லினக்ஸ் நிரலைக் கட்டிக்காக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் (Git) என்னும் கருவி இல்லாமல் பெஞ்ச் போட முடியாது என்று முடிவு கட்டி, அதைக் கற்கத் தொடங்குவார். கிட் எழுத்துக் கோப்புகளில் எந்த வரி மாறியது என்று காட்டும். ஸ்கைரிம் மாட்டின் ப்ளக்இன் கோப்போ இருமக் கோப்பு என்பதால், “மாறியிருக்கிறது” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. பெஞ்சை மாற்றியவருக்கு அது முன்பே தெரியும்.

நான்காமவர் தக்காளியர். இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்றொரு முறை வகுத்தார். மாடர் அதற்கான செயலியைத் தேடுவதில் முதல் 25 நிமிடத்தைச் செலவிட்டு, விதிப்படி ஓய்வுக்குப் போவார்.

நால்வருக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. நால்வரும் வியர்வை சிந்த உழைக்கிறார்கள். வேலை செய்யாதவர் என்று இவர்களைச் சொல்ல நாக்கு கூசும். வேலை செய்யாமைக்குக் கிடைத்த மிக அழகிய வேடம் ஒழுங்குபடுத்துதல் என்பது இதனாற் பெறப்படும்.

5. ‘ஓகே’ என்னும் பெருங்கேடு

கவனம் பற்றிய ஆய்வுக்குக் கிரியேஷன் கிட்டே ஓர் அரிய சான்றை வைத்திருக்கிறது. மாடர் ஏதோ ஒரு பொருளின் சாளரத்தைச் சும்மா பார்ப்பதற்காகத் திறக்கிறார். பார்த்தாகிவிட்டது. மூடுவதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள்: ஓகே, கேன்சல். ஒன்றையும் மாற்றவில்லையே என்று ஓகே அழுத்துகிறார். உடனே அப்பொருளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி முளைக்கிறது. அந்தப் பொருளின் முழு விவரமும், எள்ளளவும் மாறாமல், அவருடைய கோப்பில் பதிவாகிவிட்டது. பின்னால் ஏற்றப்படும் கோப்பே செல்லும் என்பது விளையாட்டின் விதி. ஆகவே முன்னால் ஏற்றிய இன்னொருவரின் மாட் அதே பொருளில் உழைத்துச் செய்த மாற்றத்தை, இவர் ஒன்றும் செய்யாததன் மூலம் அழித்துவிடுகிறார்.

இவ்வழுக்கையும் நீக்கவல்ல எக்ஸ்எடிட் என்றொரு கருவியை மாடர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். மூலத்தோடு ஒத்த பதிவுகளைத் தேடி அது கழித்துக் கட்டும். செய்த வேலையைச் சரிபார்க்கும் கருவி உலகில் ஏராளம். சும்மா பார்த்ததைக் கண்டுபிடித்துக் கழுவும் கருவி வேண்டியிருந்த துறை இதுவே.

6. சுவரின் பயன்

ஸ்கைரிமில் ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்க அடையாள எண் உண்டு. அது பதினாறை அடியாகக் கொண்ட எண். முதல் இரண்டு இலக்கங்கள் அப்பொருள் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். இரண்டு இலக்கத்தில் 256 இடங்களே அமையும். கடைசி இடத்தை விளையாட்டு தனக்கென வைத்துக்கொள்கிறது. எஞ்சியது 255. கண்டதையெல்லாம் இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இந்த எண்ணை நெருங்கியதும் அதுவரை காணாத ஒழுக்கத்தை மேற்கொண்டார்கள். வேண்டாததை எறிந்தார்கள், சிறியவற்றை ஒன்றாக இணைத்தார்கள். 2016இல் ஸ்பெஷல் எடிஷன் வந்து, பின்னர் ஒரே இடத்துக்குள் 4096 சிறு கோப்புகளை அடக்கும் வழியும் திறந்தது. ஒழுக்கம் அன்றோடு விடைபெற்றது. அறிவுரையால் வராத ஒழுங்கு சுவரால் வரும் என்பது துணிபு.

வெளியிலிருந்து சுவர் வராதவிடத்துத் தாமே எழுப்பிக்கொண்டவர்களும் உளர். 1998இல் வந்த ஹாஃப்-லைஃபை முழுவதும் புதிதாக மறுபடி கட்ட முனைந்த ப்ளாக் மேசா குழுவினர், பல ஆண்டு உழைப்புக்குப்பின், கடைசிப் பகுதியான ஸென் உலகத்தை வெட்டிவிட்டு 2012 செப்டம்பரில் மீதியை வெளியிட்டார்கள். வெட்டிய பகுதியும் சேர்ந்த முழுப்பதிப்பு வந்தது 2020 மார்ச்சில். வெட்டாமல் காத்திருந்தால் இடையில் வந்த ஏழு ஆண்டுகளில் ஒருவரும் ஒன்றும் விளையாடியிருக்க முடியாது. அதே ஹாஃப்-லைஃபின் மேல் மின் லீயும் ஜெஸ் கிளிஃபும் செய்த கவுன்டர்-ஸ்ட்ரைக், 1999 ஜூனில் அரைகுறைப் பீட்டாவாகவே வெளிவந்து, பீட்டா பீட்டாவாக வளர்ந்து, 2000 நவம்பரில் வால்வ் நிறுவனத்தின் பெட்டியில் கடைக்குப் போயிற்று. ஸ்கைரிமிலேயே, சட்டத்தொழிலில் இருந்த ஆஸ்திரேலியர் நிக் பியர்ஸ், புதைந்த ஒரே ஒரு நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தி ஃபர்காட்டன் சிட்டி என்னும் மாட் செய்து 2015இல் வெளியிட்டார். அது 2021இல் தனி விளையாட்டாகவே வளர்ந்தது. அவர் ஒரு நகரத்தோடு நின்றார். நம் மாடர் ஒரு பெஞ்சோடு நிற்கவில்லை.

7. தடையும் விடையும்

அற்றேல், பெரிதாக எண்ணுவதே பிழையோ எனின், அன்று. 2002இல் ஸ்கைரிமின் முன்னோடி விளையாட்டான மாரோவிண்ட் வெளிவருவதற்கு முன்பே தோன்றிய டாம்ரியல் ரீபில்ட் என்னும் மாட் திட்டம் இன்றும் நடந்துவருகிறது. அவ்விளையாட்டுலகின் முழுக் கண்டத்தையும் கட்டுவோம் என்று தொடங்கியவர்கள், பிறகு மாரோவிண்ட் மாநிலத்தின் பெருநிலம் மட்டும் போதும் என்று எல்லையைச் சுருக்கினார்கள். அதிலும் ஒரு வீட்டின் உள்ளறை, ஒரு துண்டு நிலம் எனத் தனித்தனியே ஒருவர் தம் பெயரில் எடுத்துக்கொள்வார். முடித்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். கண்டத்தைக் கட்ட யாராலும் ஆகாது. ஒரு சமையலறையைக் கட்ட எல்லாராலும் ஆகும்.

இனி, எல்லாக் குற்றமும் மாடருடையதே எனில், அதுவும் பொருந்தாது. ஃபால்அவுட் லண்டன் என்னும் மாட்டைச் செய்த குழு 2024 ஏப்ரல் 23 என நாள் குறித்திருந்தது. அதற்கு இரண்டே நாள் கழித்து, மூல விளையாட்டான ஃபால்அவுட் 4இன் பெரிய புதுப்பிப்பு வருவதாக இருந்தது. செய்ததெல்லாம் சிதையக்கூடும் என்று நாளைத் தள்ளிவைத்து, ஜூலை 25இல் வெளியிட்டார்கள். இவ்வகைத் தாமதம் விதியின்பாற்படும். தீவுக்குக் கப்பல் தேடியது விதியின்பாற்படாது.

8. முடிபுகள்

ஒன்று. ஒழுங்கு என்பது அடுக்குவதன்று, வெட்டுவது. செய்ய வேண்டியவற்றின் பட்டியல் எவ்வளவு அழகாயிருந்தாலும் நாள்தோறும் நீளும். மாடருக்கு வேண்டியது “செய்யமாட்டேன்” என்று தலைப்பிட்ட ஒரேயொரு காகிதம். தோன்றிய ஆசை ஒவ்வொன்றையும் அதில் எழுதிவிட்டால் மறந்துபோகும் பயம் தீரும். செய்தாக வேண்டிய கட்டாயமும் தீரும்.

இரண்டு. எதிர்கால வசதிக்கென்று எதையும் விட்டுவைக்கலாகாது. மேல்மாடி எழுப்பும்போது உதவுமென்று மொட்டைமாடித் தூண்களில் கம்பியை நீட்டிவிடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. கம்பி துருப்பிடிக்கும், மாடி எழும்பாது. கதையில்லாத குகைவாயிலும், திறக்காத கதவும், பெயர் மட்டும் உள்ள பாத்திரமும் அவ்வினத்தவை.

மூன்று. ஓர் அமர்வுக்கு ஒரு பொருள். திறந்த சாளரத்தை மூடும்போது கை தானாகக் கேன்சலுக்குப் போகப் பழக்குக.

நான்கு. நாளைக்கு என்று விட்ட நேவ்மெஷை இன்றே வெட்டுக. முட்டிக்கொண்டு நடக்கும் அந்த ஊர்க்காரருக்கும் மானம் என்று ஒன்று உண்டு.

9. மேலாய்வுக் களங்கள்

இத்துறையில் இன்னும் ஆராய வேண்டியவை பல. மாட் கோப்புகளுக்குப் பெயரிடும் மரபில் ‘இறுதி’ என்னும் அடையின் வரலாறு. குரல் பதிவுக்கும் குக்கர் விசிலுக்கும் உள்ள தொடர்பு. ஏற்று வரிசையைக் கல்யாண வீட்டுப் பந்தி வரிசையோடு ஒப்பிடல். முடியாத மாட்களுக்கென ஓர் அருங்காட்சியகம், அதற்கொரு லோகோ, அந்த லோகோவுக்கு ஏற்ற எழுத்துரு. இவை அனைத்தையும் தொகுக்க ஒரு ட்ரெல்லோ பலகை. முதல் முடிபின்படி இவையனைத்தும் “செய்யமாட்டேன்” காகிதத்தில் ஏற்றப்பட்டன. ஆய்வு இத்துடன் முடிந்தது, நூற்றுக்கு நூறு.