முதற்பாக மாஸ்டர்

யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்துக்கு ஒருவராவது இருப்பார். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊருக்கு மாஸ்டர். காலையில் உதயன், வலம்புரிப் பத்திரிகைகள் வந்ததும் மரண அறிவித்தல் பக்கத்தை முதலில் பார்ப்பார். யாரும் தெரிந்தவர் இல்லையென்றால் இலக்கியம் பேசத் தொடங்குவார். எத்தனை பாகம் உள்ள கதையானாலும் முதற்பாகத்தை மட்டும் வாசித்துவிட்டு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்வது அவர் வழக்கம். இரண்டாம் பாகத்தை அவர் கையில் கண்டவர் ஊரில் இல்லை.

"அத்திவாரம் சரியில்லையெண்டால் மேலை மாடி கட்டி என்ன பிரயோசனம்?" என்பார். அவருடைய சொந்த வீட்டின் மேல்மாடி நெடுங்காலமாகக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்பதை மரியாதை கருதி ஒருவரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அண்மையில் அவரிடம் அகப்பட்டது ஹரி பொட்டர். லண்டனில் இருக்கும் மூத்த மகன், தம்பியின் பிள்ளைக்கு அனுப்பிய பார்சலில் சொக்கிலேற்றுக்கும் சப்பாத்துக்கும் நடுவில் ஏழு பாகங்களும் வந்து இறங்கின. பேத்தி ஒரு விடுமுறைக்குள் ஏழையும் முடித்துவிட்டாள். மாஸ்டர் முதலாவதை எடுத்து, பழைய கலண்டர் தாளால் உறை போட்டு, விறாந்தையில் சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டார். சிவப்புப் பேனையும் கூடவே வந்தது. காலமெல்லாம் கொப்பி திருத்திய கைக்கு அது இல்லாமல் வாசிப்பு ஓடாது.

முதற்கோடு விழுந்தது உறவுமுறையில். தாய் தகப்பனை இழந்த பெடியனை மாடிப்படிக்குக் கீழே சாமான் வைக்கும் இடத்தில் படுக்க விடுகிறார்கள். விடுகிறவள் பெற்ற தாயின் கூடப்பிறந்தவள்.

"பிள்ளை, உவ அவனுக்குப் பெரியம்மாவோ, சின்னம்மாவோ?"

"பெரியம்மா. அது ஏழாம் பாகத்திலைதான் வடிவா விளங்கும், அப்பப்பா."

"பெரியம்மாவெண்டால் இன்னும் பிழை. எந்தப் பெரியம்மா உப்பிடிச் செய்வா? எழுதினவவுக்குக் குடும்பம் எண்டால் என்னெண்டு தெரியேல்லை."

அடுத்த கோடு அனுமதியில். ஆந்தை கடிதம் கொண்டு வருவதை மாஸ்டர் ஒப்புக்கொண்டார். மூன்று தலை நாயையும் ஒப்புக்கொண்டார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதாமல், வெட்டுப்புள்ளி இல்லாமல், தகப்பன் பழைய மாணவர் சங்கத்து ஆட்களைப் பிடித்து அலையாமல், நல்லதொரு பள்ளிக்கூடம் தானாகவே இடம் கொடுத்ததென்பதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. "கற்பனைக்கும் ஒரு அளவு வேணும்" என்று ஓரத்தில் எழுதினார்.

மருமகளின் அபிப்பிராயம் இன்னும் சுருக்கமானது. இந்த நேரத்துக்கு ரியூசன் கொப்பியைத் திறந்திருந்தால் கணிதத்தில் 'ஏ' வந்திருக்கும் என்பது அது. பக்கத்து வீட்டு உயர்தர மாணவன் படங்கள் எட்டையும் போனில் பார்த்தவன். புத்தகம் படத்தைப்போல் இல்லை என்று குறைப்பட்டான்.

மாஸ்டரைச் சும்மா சோம்பேறி என்று தள்ளிவிடக் கூடாது. இந்தப் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. இளவயதில் கல்கி, ஆனந்த விகடன் தொடர்கதைகளுக்காகக் கடை வாசலில் காத்துக்கிடந்த தலைமுறை அவருடையது. 1970களில் சிறிமாவோ அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஈழத்து எழுத்துக்கு அது நல்ல காலம். வீரகேசரிப் பிரசுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, மல்லிகைச் சஞ்சிகையைத் தேடி வாசித்தார்கள். ஆனால் தொடரின் நடுவில் நின்றவருடைய கதி? கதாநாயகி போன கிழமை ஏறிய வண்டி எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததென்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. இரண்டாம் பாகம் இரவல் வாங்கலாம் என்று போகக்கூடிய இடமும் அதோடு போயிற்று. பிறகு தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துத் துளித்துளியாய் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில், எண்ணெய் முடிகிற இடமே அத்தியாயம் முடிகிற இடம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, சைக்கிள் கரியரில் அரிசிக்கும் உடுப்புக்கும் இடையில் பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களுக்கும் இடம் இருக்கவில்லை. மாஸ்டர் முதற்பாகமான 'புது வெள்ள'த்தை மட்டும் செருகினார். திரும்பி வந்தபோது மற்ற நாலும் இல்லை. கதாநாயகன் வந்தியத்தேவன் பூங்குழலியின் படகேறி இலங்கைக்கு வருவது இரண்டாம் பாகத்தில். கதை தன் பக்கம் வருவதற்கு முன்னமே யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவருக்கு அது முடிந்துபோனது.

ஆகவே, கையில் இருப்பதை வைத்துத்தான் அபிப்பிராயம். இதில் அவருக்கு வெளிநாட்டிலும் ஒரு முன்னோடி உண்டு. பல பதிப்பகங்கள் ஹரி பொட்டரைத் திருப்பி அனுப்பிய பிறகு, புளும்ஸ்பெரி நிறுவனத் தலைவர் நைஜல் நியூட்டன் கைப்பிரதியின் தொடக்கத்தைத் தன் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். சிறுமி முதல் அத்தியாயத்தை வாசித்தாள், மிச்சம் எங்கே என்று கேட்டாள். 1997 யூனில் புத்தகம் வந்தது, கட்டி அட்டைப் பதிப்பில் வெறும் 500 பிரதிகள். மாஸ்டரும் தொடக்கத்தை வைத்து முடிவெடுப்பவர்தான். மிச்சம் கேட்கமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனைக்கும் நடுப்பகுதி அவருக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளை நாலு இல்லங்களாகப் பிரிப்பது, புள்ளி போடுவது, இல்லத்துக்கொரு நிறம், எல்லாம் எங்கள் கல்லூரிகளில் உள்ளதுதானே. துடைப்பக்கட்டையில் பறந்து விளையாடும் போட்டியைக் கூட, யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையில் 1904இல் தொடங்கிய 'வடக்கின் பெரும் சமர்' கிரிக்கெட் போட்டியோடு ஒப்பிட்டுச் சிலாகித்தார். தை, மாசியில் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் புள்ளி மேசையில் இருந்தவர் அவர். இல்ல அலங்காரத்துக்குப் புள்ளி போட்டு, மூன்று இல்லத்துப் பெற்றாரிடமும் ஏச்சு வாங்கிய அனுபவம் இருக்கிறது.

அதனால்தான் கடைசி அத்தியாயம் அவரை உலுக்கிவிட்டது. சிலிதரின் இல்லத்துக்கு 472 புள்ளி. ஹரியின் கிரிஃபின்டோருக்கு 312. மண்டபம் முழுக்கச் சிலிதரினின் நிறமான பச்சையும் வெள்ளியுமாகச் சோடனை. அந்த நேரம் பார்த்து அதிபர் டம்பிள்டோர் எழும்பி ஹரியின் இல்லத்து ரொனுக்கு 50, ஹெர்மாயினிக்கு 50, ஹரிக்கு 60, நெவிலுக்கு 10 என்று அள்ளிப் போடுகிறார். மாஸ்டர் ஓரத்தில் கூட்டிப் பார்த்தார். 482. பத்துப் புள்ளியால் கிண்ணம் கைமாறிவிட்டது.

"சோடனையும் கட்டினாப் பிறகு புள்ளி போடுறதோ? உந்த அதிபரும் ஹரியின்ரை இல்லமெண்டு றெயினிலை வைச்சே அந்த ஹெர்மாயினிப் பெட்டை சொல்லுது. எனக்கு அப்பவே சந்தேகம்."

"அப்பப்பா, அவை உயிரைக் குடுத்துச் சண்டை பிடிச்சவை எல்லே?"

"சண்டை பிடிச்சதுக்குப் பதக்கம் குடுக்கட்டும். கிண்ணம் வேறை." பிறகு கொஞ்சம் யோசித்துக் கேட்டார். "இரண்டாம் பாகத்திலை கிண்ணம் ஆருக்கு?"

"அதே இல்லம்தான். ஹரிக்கும் ரொனுக்கும் ஆளுக்கு இருநூறு புள்ளி."

"ஆர் போட்டது?"

"அதிபர்."

"மூண்டாம் பாகம்?"

"அதுவும் அவைதான்."

மாஸ்டர் பேனை மூடியைக் கழற்றினார். கடைசிப் பக்கத்தின் அடியில், 'புள்ளிப்பட்டியல் மீள்பரிசீலனை செய்யப்பட வேண்டும்' என்று சிவப்பில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, திகதி போட்டு, கையொப்பமும் வைத்தார்.

"அப்பப்பா! உது என்ரை புத்தகம்!"