மேல்தட்டுல வை, மாப்ளே

மாப்ளே, உம் மக மூணாம் படிவத்துக்கு வந்துட்டா, கைப்பேசியை விட்டுத் தலை நிமிர மாட்டேங்குறா, அவ வயசுக்கு ஏத்த மாதிரி நாலு நாவல் பேரு சொல்லுங்க மாமான்னு கேட்டியே. கேக்கும்போது உன் கையிலயும் ஒரு கைப்பேசி இருந்திச்சு. எவனோ ஒருத்தன் அதுல நண்டுக் கறி ஆக்கிக்கிட்டு இருந்தான். அந்தச் சட்டி இறங்குற வரைக்கும் உன் கண்ணு என் பக்கம் வரல. இருக்கட்டும். கித்தா வெட்டின கிழவன்கிட்ட நாவல் கேட்டு வந்த மனுசன் நீ. அந்த மரியாதைக்காகவே சொல்றேன்.

பேரு சொல்றதுக்கு முன்னால, புள்ளைங்க நாவல்னாலே காத தூரம் ஓடுறதுக்கு ஒரு வழி இருக்கு, அதைச் சொல்லிடறேன். நீ அதுல பாதி தூரம் ஏற்கெனவே போயிட்டே. பொறந்த நாளைக்குப் புது உடுப்பு வரும்னு காத்திருக்கற புள்ளை கையில கனமான புத்தகம் ஒண்ணைக் குடுக்கணும். குடுக்கும்போதே, 'நான் உன் வயசுல...'ன்னு ஆரம்பிக்கணும். உன் வயசுல நீ என்ன படிச்சேன்னு எனக்குத் தெரியாதா? லயத்துக்குப் பின்னால கக்கூஸ் சுவத்துல எழுதியிருந்ததைப் படிச்சே. அதுல பாதி நீயே எழுதினது. சரி, அப்புறம் நாளுக்கு ஓர் அத்தியாயம்னு கணக்கு வைக்கணும். ராத்திரி சோத்துத் தட்டு முன்னால உக்கார வச்சு, 'இன்னிக்குப் படிச்சதுல என்ன படிப்பினை?'ன்னு கேக்கணும். ஒரே வாரம்தான். எட்டாம் நாள் அந்தப் புத்தகம் காத்துல அடிக்கற கதவுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கும்.

இந்தப் படிப்பினை வியாதி பள்ளிக்கூடத்துலேருந்து வந்து ஒட்டிக்கிட்டது. எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்துக்கு உக்கார்ற புள்ளைங்களைக் கேட்டுப் பாரு. கருப்பொருள், துணைக்கருப்பொருள், பாத்திரப் படைப்பு, உத்தி, படிப்பினைன்னு தூக்கத்துலயும் ஒப்பிக்கும். அந்தப் பாடத்துக்காக நம்மாளுங்க போடாத சண்டை இல்லை. 2009ல, பரீட்சைக்குப் பத்துப் பாடத்துக்கு மேல கூடாதுன்னு சட்டம் வந்தப்போ, தமிழும் தமிழ் இலக்கியமும் வெளியே நிக்கணுமேன்னு கூட்டம் போட்டு, மனு குடுத்து, கடைசியில பன்னெண்டு வரைக்கும் எடுக்கலாம்னு வாங்கினாங்க. நல்ல காரியம்தான். வாங்கின கையோட புள்ளைங்களுக்கு வழிகாட்டி நூலை வாங்கிக் குடுத்துட்டோம். மு.வ. எழுதின 'வாடா மலர்' அங்க ரொம்ப வருசம் பாடமா இருந்திச்சு. நாவலைத் திறக்காமலே அதைப் பத்தி நாலு பக்கம் எழுதிப் புள்ளி வாங்கின சூரனுங்க நம்ம ஊர்லயே இருக்கானுங்க. பேரு சொன்னா உன் தம்பி கோவிச்சுக்குவான்.

உளி பட்டையில மட்டும்தான் இறங்கணும், மாப்ளே. ஆழமா இறக்கிக் கட்டையைத் தொட்டுட்டா, வெட்டின இடத்துல பட்டை ஒழுங்கா திரும்பி வராது. முடிச்சு முடிச்சா புடைச்சுக்கிட்டு, மறுபடி அதுல கத்தி ஓடாது. புள்ளை படிக்கும்போது கேள்வி கேக்கற அப்பனும் அப்படி வெட்டறவன்தான்.

சரி, நாவலுக்கு வரேன். உம் மகளுக்கு வேண்டியது, அவ வயசுல ஒரு ஆளு சரியோ தப்போ ஏதாவது ஒண்ணைச் செஞ்சுட்டு முழிக்கற கதை. பெரியவங்க சொல் கேட்டு முன்னுக்கு வந்த புள்ளையோட கதையைக் குடுத்தா நம்ப மாட்டா. அப்படி ஒரு புள்ளை நம்ம லயத்துல பொறந்ததில்லைன்னு அவளுக்கே தெரியும்.

முதல்ல பூமணியோட 'வெக்கை'. 1982ல வந்தது. நீ 'அசுரன்' படம் பாத்திருப்பே, 2019ல. அதுக்கு வேர் இதுதான். படத்துல தனுஷ் அப்பனா வந்து எல்லாத்தையும் தன் தோள்ல தூக்கிக்கிட்டாரு. நாவல்ல பையன்தான் நடு ஆளு. பதினஞ்சு வயசு சிதம்பரம். அண்ணனைக் கொன்னவனை வெட்டிட்டு, அப்பனோட காட்டுக்குள்ள ஓடறான். ஐயோ மாமா, கொலைக் கதையா புள்ளைக்குன்னு வாயைப் பொளக்காதே. உன் கைப்பேசியில சாப்பாட்டு நேரத்துல ஓடற சண்டைப் படத்தை உன் மவன் உன் தோளுக்குப் பின்னாலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். 'வெக்கை'யில வெட்டு சீக்கிரமே முடிஞ்சுடும். மிச்சமெல்லாம் அப்பனும் மவனும் ஒளியறதும், கிடைச்சதை ஆக்கித் தின்னறதும், படுத்துக்கிட்டுப் பேசறதும். அந்த அப்பன் மவன்கிட்ட பேசற பேச்சைப் படிச்சா உனக்குக் கொஞ்சம் பொறாமை வரும். நீ கடைசியா உன் மவன்கிட்ட பேசினது மோட்டார் சாவி எங்கேங்கறது.

கெமாஸ்ல பொறந்த புள்ளைக்கு ரயில் குவாட்டர்ஸைச் சொல்லித் தரணுமா? தெற்கு வடக்குப் பாதையும், துமாட் வரைக்கும் போற கிழக்குப் பாதையும் பிரியற ஊரு நம்மளுது. அந்தச் சத்தத்துலயே வளந்த புள்ளைக்கு அசோகமித்திரனோட 'பதினெட்டாவது அட்சக்கோடு' சட்டுன்னு ஒட்டிக்கும். செகந்தராபாத்துல ரயில்வேயில வேலை பாக்கறவரோட மவன் சந்திரசேகரன், கிரிக்கெட்டும் காலேஜுமா அலையறான். 1947, 48. நிஜாம் ஒரு பக்கம், இந்தியா ஒரு பக்கம்னு ஊரு ரெண்டாப் பிளக்குது. நேத்து கூட விளையாடினவன் இன்னிக்கு யாருன்னு தெரியல. பதினாறு, பதினேழு வயசு ஆனதும் குடு, இப்ப வேணாம். கடைசிப் பக்கம் முடிஞ்சதும் புள்ளை கொஞ்ச நேரம் யார்கிட்டயும் பேசாது. அந்த நேரத்துல நீ போய் கருப்பொருள் என்னன்னு கேட்டே, மாமன் உன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வர மாட்டேன்.

பெருமாள்முருகனோட 'கூளமாதாரி'யும் சேத்துக்க. பண்ணையத்துக்குக் கட்டுப்பட்டு ஆடு மேய்க்கற புள்ளைங்க கதை. முன்பணம் வாங்கிட்டுக் கப்பலேறின பாட்டனுக்குப் பொறந்தவங்க நாம. யாரும் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை.

இனி நம்ம மண்ணு. கெமிஞ்சே பாலத்துல 1942 ஜனவரி 14ந் தேதி ஆஸ்திரேலியாக்காரன் பதுங்கியிருந்து ஜப்பான்காரனை அடிச்சதைச் சொல்லி அங்க நினைவுக்கல் வச்சிருக்கான். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க போய்ப் படம் புடிச்சுக்கிட்டு வரும். நல்லது. ஆனா அதுக்கப்புறம் நடந்தது? நம்ம கிழக்குப் பாதைத் தண்டவாளத்துல பெரும்பகுதியைப் பெயத்து எடுத்துக்கிட்டுப் போயி சயாம் - பர்மா ரயிலுக்குப் போட்டான் ஜப்பான்காரன். இரும்பு போன வழியிலேயே ஆளுங்களும் போனாங்க. தோட்டம் தோட்டமா நம்ம சனத்தைப் பிடிச்சு ஏத்தினான். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர்ல முடிச்சுட்டான். போனவங்கள்ல திரும்பாதவங்க எத்தனையோ பேரு. வெள்ளைக்காரன் அதைப் பத்தி 1957ல 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'னு படம் எடுத்தான். சீழ்க்கை அடிச்சுக்கிட்டு நடக்கற வெள்ளைக்காரக் கைதிங்கதான் உலகத்துக்கு ஞாபகம். நம்மாளுங்க சீழ்க்கை அடிக்கத் தெரியாம செத்ததுனால படத்துல வரல போல.

வராதவங்களை ஆர். சண்முகம் எழுதி வச்சாரு, 'சயாம் மரண ரயில்'னு, 1993ல. அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்'னு எழுதினாரு. ஆஸ்திரேலியாக்காரன் கல்லுல வச்சான், நம்மாளுங்க தாளுல வச்சாங்க. கல்லைப் பாக்கப் பேருந்து ஏற்பாடு பண்ற பள்ளிக்கூடங்க தாளைப் புரட்ட ஒரு பாடவேளை ஒதுக்கினா மாமன் கைதட்டுவேன். சரித்திரப் பாடம்னு சொல்லிக் குடுக்காதே, மாப்ளே. 'இந்த ரயில்ல உன் பூட்டன் கூட வேலை செஞ்சவங்க போனாங்க'ன்னு மட்டும் சொல்லிட்டுப் பசியாறப் போயிடு. கித்தாக் காட்டுக் கதையே வேணும்னா அகிலனோட 'பால்மரக் காட்டினிலே' இருக்கு. தமிழ்நாட்டுலேருந்து வந்து பாத்துட்டுப் போயி எழுதினவரு. விருந்தாளி கண்ணுக்குத் தெரிஞ்சதும், தெரியாமப் போனதும் அதுல இருக்கு. ரெண்டையும் உன் அம்மாகிட்ட கேட்டாச் சரியாச் சொல்லும்.

ஒண்ணாம் படிவத்துல இருக்கற உன் மவனுக்கு இதெல்லாம் இப்ப வேணாம். அவனுக்குக் குகையும் மர்மமும் போதும். நம்ம நாட்டு கே. பாலமுருகன் எழுதின 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்', ஜெயமோகனோட 'பனிமனிதன்'. ரெண்டாவது தினமணி சிறுவர்மணியில தொடரா வந்தது. இமயமலையில பனிமனிதனைத் தேடிப் போறானுங்க. யெஸ். பாலபாரதியோட 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'னு ஒண்ணு, 2020ல சாகித்திய அகாதெமியோட பால புரஸ்கார் வாங்கினது. தப்பாத் தொடறவனைப் பத்திப் புள்ளை எப்படி வாய் திறந்து சொல்றதுங்கற கதை. அதைப் புள்ளைங்களுக்கு முன்னால நீயும் உன் பொஞ்சாதியும் படிச்சுடுங்க. இதுல மாமன் கேலி பண்ணல.

இப்ப உன் பொஞ்சாதிக்கு இருக்கற பயத்துக்கு வரேன். நாவல்ல காதல் வருமாமே, பொட்டப்புள்ளை கெட்டுடுமாமே. ரெ. கார்த்திகேசு எழுதின நாவல் ஒண்ணு, பல்கலைக்கழகத்துல நடக்கற கதை. பேரு 'காதலினால் அல்ல'. அட்டையை மட்டும் அவகிட்டக் காட்டு. போதும்.

புள்ளைங்களைப் படிக்க வைக்கற வித்தை அரசாங்கத்துக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியல. ம. நவீனோட 'பேய்ச்சி'யை 2020 டிசம்பர்ல உள்துறை அமைச்சு தடை செஞ்சிச்சு. அது பெரியவங்களுக்கான நாவல், தடை நூல் வேற. அதை வாங்குன்னு மாமன் சொல்லல, எழுதி வச்சுக்க. ஆனா நாவலா, அது பழமான்னு கேக்கற பயலுகளெல்லாம் அந்த வாரம் கடை வாசல்ல உக்காந்து இலக்கியம் பேசினானுங்க. அதனால சொல்றேன். வாங்கின புத்தகத்தைப் புள்ளை கையில குடுக்காதே. அலமாரி மேல்தட்டுல, சாமி படத்துக்குப் பக்கத்துல வை. 'இது பெரியவங்க படிக்கறது, தொடாதே'ன்னு ஒரு தடவை சொல்லிட்டு வேலைக்குப் போ. நாற்காலி தன்னால நகரும்.

இன்னொண்ணு. அமெரிக்காவுல எஸ்.இ. ஹின்டன்னு ஒரு பொண்ணு, தன் வயசுப் புள்ளைங்களைப் பத்தி யாரும் உண்மையா எழுதலேன்னு பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதிட்டா. 1967ல அச்சாச்சு. இங்க மட்டும் என்ன? 1950கள்ல தமிழ் முரசுல கோ. சாரங்கபாணி மாணவர் மணிமன்றம்னு பக்கம் ஒதுக்கினாரு. தோட்டத்துப் புள்ளைங்க எழுதி அனுப்பிச்சு. அதுலேருந்து எழுத்தாளருங்க கிளம்பினாங்க. உம் மக நோட்டுப் புத்தகத்துக் கடைசிப் பக்கத்துல எதையோ எழுதி மறைக்கறான்னு புகார் சொன்னியே, அதைத் தேடி எடுத்துப் படிக்காதே. கதையா இருந்தா நின்னுடும். வேற எதுவாவது இருந்தா உனக்குத் தாங்காது.

வாங்கறது எங்கேன்னு கேப்பே. நம்ம கடைத்தெருவுல ஊதுவத்தி கிடைக்கும், பூமாலை கிடைக்கும். நாவலுக்குப் பட்டணம்தான் போகணும். 2015லேருந்து மின்சார ரயில் நம்ம ஸ்டேசனுக்கே வருது, ஏறினா கே.எல். சென்ட்ரல், எறங்கி நடந்தா பிரிக்ஃபீல்ட்ஸ். மகளைக் கூட்டிக்கிட்டுப் போ. புத்தகக் கடையில விட்டுட்டு நீ வெளிய நின்னு தே தாரேக் குடி. உள்ள வந்து முதுகுக்குப் பின்னால மண்டோர் மாதிரி நிக்காதே. அவ ரமணிசந்திரனை எடுத்துக்கிட்டு வந்தா மூஞ்சியைச் சுளிக்காதே. உன் பொஞ்சாதி கல்யாணத்துக்கு முன்னால எத்தனை ரமணிசந்திரன் படிச்சான்னு அவ அக்காகிட்டக் கேளு. விலையைப் பாத்துட்டு 'இம்புட்டு வெள்ளியா'ன்னும் கத்தாதே. போன மாசம் மோட்டாருக்கு நீ மாட்டின ஒலிப்பானுக்கு என்ன குடுத்தேன்னு ஊருக்கே கேக்குது.

'வெக்கை' மட்டும் ரெண்டு பிரதியா வாங்கு. ஒண்ணு எனக்கு. என்கிட்ட இருந்ததை உன் மவன் எப்பவோ சட்டைக்குள்ள சொருகிக்கிட்டுப் போயிட்டான். இப்ப வேணாம்டான்னு சொல்லித்தான் மேல்தட்டுல வச்சிருந்தேன்.