மாட்டை ஓட்டலாம், வண்டியை?

எங்கள் சுரங்கத்தில் ராட்சத இயந்திரங்களே உலவுகின்றன. பர்கூர் மலையில் மாடு மேய்ப்பவர் காட்டுக்குள் பைக் ஓட்டிப் போனால் என்ன?
– வாசகர், நெய்வேலி

மாட்டையும் 'ஓட்டு'கிறோம், வண்டியையும் 'ஓட்டு'கிறோம். முதல் ஓட்டு காட்டுக்குப் பழக்கம். இரண்டாவது ஓட்டுக்குத்தான் மான் மிரளும்!

அமெரிக்காவின் 1964-ம் ஆண்டுச் சட்டம், பாதுகாக்கப்பட்ட காடுகளில் பழைய மேய்ச்சலை விட்டுவைத்து, மோட்டாரை வாசலிலேயே நிறுத்தியது. நோயுற்ற மாட்டை மீட்க, அவசரத்துக்குத் தீவனம் போட, வேறு வழியே இல்லையென்றால் வண்டி வரலாம் என்று 1980-ல் நெறிமுறை வகுத்தார்கள்.

பர்கூரிலோ மாட்டுக்கே வழி அடைபடுகிறது. சரணாலயங்களில் மேய்ச்சல் கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2022-ல். பர்கூர்க் காடு தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயத்துக்குள் வந்தது 2024-ல்.

அப்படியானால் காட்டில் மேய மாட்டுக்கு லைசென்ஸ் வேண்டுமா?
– அதே வாசகர்

லைசென்ஸ் எதற்கு? உரிமையே இருக்கிறது! நீதிமன்றத் தடை ஒருபுறம் இருக்க, 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் வனவாசிகளின் உரிமையாகச் சொல்கிறது. செவலையில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாடு மலையில் மேய்ந்தே உருவான இனம். காட்டையும் காப்போம்; மாட்டின் மேய்ச்சலையும் காப்போம்.