கட்டம் சரியில்லையா?

கேள்வி: நண்பர் அனுப்பும் செய்திகளில் நடுநடுவே வெறும் கட்டமாக வருகிறது. அவர் கட்டம்தான் அனுப்புகிறாரா, என் போனில் கோளாறா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நண்பரைச் சந்தேகப்படாதீர்கள். அவர் போன் அனுப்புவது வெறும் எண்தான். யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண்: ■ என்றால் 9632, □ என்றால் 9633. 9632 முதல் 9727 வரை வட்டம், முக்கோணம், வைரம் என்று 96 வடிவங்களுக்குத் தனிக் குடியிருப்பே ஒதுக்கியிருக்கிறார்கள். எண்ணைப் பார்த்து உருவம் வரைவது உங்கள் போனிலுள்ள எழுத்துருவின் வேலை. ஒன்றில் இல்லையென்றால் போன் இன்னொன்றில் தேடும். எதிலுமே இல்லையென்றால் ஒரு காலிக் கட்டத்தைப் போட்டுக் கைகழுவிவிடும். இந்தக் கட்டத்துக்கு ‘டோஃபு’ என்று பட்டப்பெயர்.

வில்லங்கம் என்னவென்றால், அசல் 9633-ம் பார்வைக்கு டோஃபு மாதிரியே இருக்கும்! அந்தச் செய்தியை வீட்டிலுள்ள புதிய போன் ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே கட்டம் படமாக மாறினால், உங்கள் போனுக்கு வயதாகிவிட்டது.

இன்னொரு கூத்து: 9632-க்கு யூனிகோடு வைத்த பெயர் ‘கறுப்புச் சதுரம்’. இருள் திரையில் அது வெள்ளை வெளேரென்று நிற்கும். பெயர் மட்டும் கறுப்புதான். 9654-ஆம் எண் முக்கோணத்துக்கு இரட்டை வேடம். பின்னால் கண்ணுக்குத் தெரியாத 65038 ஒட்டியிருந்தால் சாதா எழுத்து, 65039 என்றால் வண்ணப் பொத்தான். இரண்டையும் மதிக்காமல் தன்னிஷ்டத்துக்கு வரையும் செயலிகளும் உண்டு.