துரைத்தனத்தார் அருளிய ஆரோக்கியம்

துரைத்தனத்தார் காலத்தில் நோய்க்கிருமிக்குக்கூட ஒழுங்கு இருந்தது. டிக்கெட் வாங்காமல் அது இலங்கைக்குக் கப்பல் ஏறியதில்லை; வாங்கியதும் எப்போதும் மூன்றாம் வகுப்பு டிக்கெட்தான். நம்பாதவர்கள் மண்டபம் முகாமின் கதையைக் கேளுங்கள்.

1914இல் ரயிலும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் இணைந்தன. தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலிக்கு மண்டபத்தில் காவல் வைத்தார்கள். முகாம் இருந்தது இந்திய மண்ணில். நடத்தியது இலங்கை அரசாங்கம். துணிக்குக் கிருமிநீக்கம், கைக்கு அம்மைக்குத்து, வயிற்றுக்குக் கொக்கிப்புழு மருந்து என்று நாள்கணக்கில் அடைத்து வைத்துத்தான் அக்கரைக்கு அனுப்பினார்கள். மேல்வகுப்புக் கனவானுக்கோ மருத்துவர் தரும் ஒரு சீட்டே போதுமானது. மெத்தை இருக்கையில் உட்கார்ந்தவனைக் காலரா தீண்டாது என்பது அன்றைய விஞ்ஞானம் போலும்!

அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கூலியின் கழுத்தில் எண் பொறித்த தகர வில்லையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரிய வேண்டாமா? வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும்; அங்கிருந்து இறங்கிக் கூலியின் கடனாகும். பிடித்துக்கொண்டு போவதற்கான செலவையும் பிடிபட்டவனே கட்டினான். எவ்வளவு தயாளம்!

அதே 1914இல் கொழும்பில் பிளேக் புகுந்தது. எலியும் அதன் மேலிருக்கும் தெள்ளும்தான் பிளேக்கைப் பரப்புகின்றன என்பது மருத்துவர்களுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. எலிக்குப் பிடித்தது அரிசி மூட்டை. மூட்டையை நாள்கணக்கில் முடக்கினால் வியாபாரம் கெடும், தோட்டத்துக்கு அரிசி போகாது. கூலியை முடக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

உடம்பை இப்படிக் காத்தவர்கள் ஒழுக்கத்தைக் காக்காமல் விடுவார்களா? 1886இல் சென்னை மாகாணத்துக்கு அப்காரி என்ற மதுவரிச் சட்டம் வந்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி; கள்ளும் சாராயமும் விற்கும் உரிமைக்கு ஏலம். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். வரி கட்டாமல் புளித்தால் குற்றம், வரி கட்டிப் புளித்தால் வருமானம். குடியைக் கட்டுப்படுத்தவே ஏலம் என்றார்கள். ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவன், போட்ட பணத்தை எடுக்க அதிகம் விற்றாக வேண்டும் என்பதைக் கணக்கில் புலியான அதிகாரிகள் அறியாதவர்களா? உப்புக்கும் சாராயத்துக்கும் ஒரே இலாகா. கடல் தந்த உப்பை அள்ளினாலும் குற்றம், மரம் தந்த கள்ளை இறக்கினாலும் குற்றம்.

சரி, அவர்கள் அந்நியர்கள். நம்மவர்கள்?

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் மது திரும்பி வந்தது. வரி திரும்பிப் போகவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு தங்கிவிட்டது. 1987இல் கள்ளுக்குத் தடை போட்டார்கள். 2003இல் அரசே டாஸ்மாக் கடை விரித்துச் சில்லறைக்குப் பிராந்தி விற்க உட்கார்ந்தது. பனையேறி கள் இறக்கினால் மக்களின் உடல்நலம் கெடும். அரசாங்கம் புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் உடல்நலத்துக்குக் கேடில்லை, கஜானாவுக்கும் தெம்பு! வெள்ளைக்காரனாவது வரி வாங்கிக்கொண்டு பனையேறியை மரத்தில் ஏறவிட்டான்.

மண்டபம் முகாமும் காலியாகவில்லை. அன்று இக்கரையிலிருந்து போனவனை அடைத்த இடத்தில், பின்னாளில் போருக்குத் தப்பி அக்கரையிலிருந்து வந்த ஈழத்து அகதியைக் குடியமர்த்தினோம். பதிவு, கணக்கெடுப்பு, வெளியே போக அனுமதி என்று அவனுக்கும் ஒழுங்குமுறை உண்டு. ஏழை எந்தத் திசையில் கடல் கடந்தாலும் நம் சட்டத்துக்கு அவன்மேல்தான் சந்தேகம்.

ஆளுகிறவர்களே, குடி கெடுதல் என்றால் உங்கள் கடையை மூடுங்கள். கஜானாதான் பெரிது என்றால் பனையேறியைக் குற்றவாளி ஆக்காதீர்கள். இரண்டும் முடியாதென்றால், மக்கள் நலன் என்ற பேச்சையாவது நிறுத்துங்கள்.