பாட்டாவும் கிரெடிட் வங்கியும்

பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் படிப்புக்கென்றே ஒரு வங்கியைத் திறந்தது. பாஸான பாடங்களை கிரெடிட்டாகப் போட்டு வைக்கலாம். கல்லூரி மாறினால் கையோடு கொண்டு போகலாம். பொறியியலைப் பாதியில் விட்டுவந்த பேரன், வடசேரி டீக்கடை பெஞ்சில் இருந்து விளக்கினான்: 40 கிரெடிட் சேர்ந்தால் சான்றிதழ், 80-க்கு டிப்ளமோ, 120-க்குப் பட்டம்.

“வட்டி உண்டுமா மக்கா?” என்றார் பாட்டா.

“கிடையாது. ஏழு வருசம் தாண்டினா கிரெடிட்டும் கிடையாது.”

பாட்டா கடைக்காரரின் பற்று நோட்டை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் கணக்கு அதில் ஏழு வருடம் தாண்டியும் திடமாகவே இருந்தது.

கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் வரலாறு, மேலாக வணிகவியல் என்று கலந்தும் சேர்க்கலாமாம்; அவியல் தின்று வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரனுக்குக் கலவை புதிதல்ல. ஆனால் எந்தக் காய் ஒட்டாது என்று அவியலுக்குச் சொல்ல ஒரு வைப்புக்காரர் இருப்பார். இங்கே பையனே நறுக்கி, பையனே வேகவைக்க வேண்டும். தமிழக அரசோ இந்த வங்கிக்கு மூலமான தேசியக் கல்விக் கொள்கையையே ஏற்கவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் 2024-இல் நான்காண்டுப் பட்டத்தையே தொடங்கிவிட்டது.

பாட்டாவுக்கு ஒரே சந்தேகம்தான். “பெண்ணு வீட்டுல கேட்டா என்னன்னு சொல்ல? பட்டதாரியா, எம்பது கிரெடிட்டா?”